செக்கர் நின்ற நாலு நொடி

டீயைக் கொட்டியது நான்தான். அதில் யாருக்கும் பங்கு கிடையாது. விசாரணை அறிக்கையில் "பணிமேசையில் திரவம் சிந்திய நிகழ்வு" என்று எழுதியிருந்தார்கள், ஏதோ கூரையிலிருந்து ஒழுகியது போல. ஒழுகவில்லை. என் முழங்கை தட்டியது. முக்கால் டம்ளர், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக.

விமான நிலையத்து டவரின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, இறங்குகிறவர்களிடமும் ஏறுகிறவர்களிடமும் 'நீ முதலில், நீ அப்புறம்' என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. எங்கள் டவரில் திரைகள் ஏராளம் உண்டு, ஆனால் வரிசை என்பது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. விமானத்துக்கு ஒன்றாக ஒரு சாண் நீளக் காகிதத் துண்டு. அதன் பெயர் ஸ்ட்ரிப். அதைப் பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி, எதிரே சாய்ந்திருக்கும் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். அடியில் இருப்பவர் முதலில், மேலே இருப்பவர் பிறகு. ரன்வேக்குள் ஏதாவது வண்டி போனால், எழுத்தே இல்லாத சிவப்பு ஸ்ட்ரிப் ஒன்றை எல்லாவற்றுக்கும் அடியில் வைக்க வேண்டும். அது அங்கே இருக்கிற வரைக்கும் எவனுக்கும் 'இறங்கு' என்று சொல்லக் கூடாது. எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடப் புரியும்.

அன்றைக்குச் சிவப்பு ஸ்ட்ரிப் அதன் இடத்தில் இருந்தது. ரன்வேக்குள் செக்கர் இருந்தார்.

செக்கர் என்பது உண்மையில் ஒரு மஞ்சள் ஜீப்பின் ரேடியோ பெயர். ஒரு நாளைக்கு நாலு தடவை ரன்வேயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஊர்ந்து போய், கழன்று விழுந்த ஆணி, செத்த பறவை, பறந்து வந்த பிளாஸ்டிக் பை என்று எது கிடந்தாலும் பொறுக்கிக்கொண்டு வரும். அதை ஓட்டுகிறவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. எல்லாருக்கும் அவர் செக்கர்தான். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் நான் 'அண்ணே' என்பேன். அவர் என்னை 'சார்' என்பார். ரேடியோவில் அவர் பேசுவது மொத்தம் ரெண்டு வாக்கியம். 'உள்ள வரலாமா', 'வெளிய வந்தாச்சு'. நடுவில் என்ன நடந்தாலும் மூச்சு விடமாட்டார்.

டீ கொட்டியதும் நான் செய்த முதல் காரியம், அத்தனை ஸ்ட்ரிப்பையும் ஒரே அள்ளாக அள்ளித் தூக்கியதுதான். எழுத்து நனைந்துவிட்டால் வரிசை போய்விடும் அல்லவா? டிஷ்யூவை உருவிப் பலகையைத் துடைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினேன். 'எரிபொருள் குறைவு என்று ஓயாமல் சொன்னவர் இங்கே, எப்போது எப்போது என்று நச்சரித்தவர் அங்கே' என்று மனசுக்குள் ஆளாளாக நினைவுபடுத்திக்கொண்டேன். யாருடைய குரலெல்லாம் காதில் இருந்ததோ அவர்கள் எல்லாரும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பன்னிரண்டு நொடி. அந்த வேகத்தைப் பற்றி எனக்குள் சின்னதாக ஒரு பெருமை வேறு. கால் மணி நேரமாக வாயே திறக்காத ஒருவரின் சிவப்பு ஸ்ட்ரிப் மட்டும், ஈர டிஷ்யூவோடு சேர்ந்து குப்பைத் தொட்டிக்குள் போயிருந்தது.

வந்துகொண்டிருந்த விமானத்துக்கு 'இறங்கலாம்' என்று சொன்னேன். விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ரொம்ப நல்ல குரல். கொஞ்சமும் பிசிறில்லை. தப்பை இவ்வளவு அழகாகச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

"டவர், ரன்வேயில் மஞ்சளாக ஏதோ தெரிகிறது. இறங்கவில்லை, மேலே போகிறேன்" என்றார் விமானி.

செக்கர் அப்போது ஜீப்பில்கூட இல்லை. கீழே இறங்கி, செத்துக் கிடந்த ஒரு பறவையைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார். நூற்று எழுபது பேரோடு ஒரு விமானம் அவர் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு ஏறிப் போனது. அவருடைய தொப்பி பறந்துபோய்விட்டதாகக் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அவர் தொப்பி போடுகிற ஆளில்லை. அடுத்த வாரம், தொப்பியோடு தலைமுடியும் போய்விட்டதாகக் கதை வளர்ந்தது. முடி அதற்கும் பத்து வருஷம் முன்பே போயாயிற்று.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்கு மட்டும் தீர்ப்பு வந்தது. பதினைந்து ஷிஃப்டுக்கு என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். பதினைந்தாவது நாள் தேர்வு. தேறினால் என் நாற்காலி எனக்கு. தேறாவிட்டால் தரைத்தளத்தில் அறிவிப்புகள் டைப் அடிக்கிற அறை. அங்கே ஜன்னல் இருக்கிறது, வெளியே கார் நிறுத்துமிடம் தெரியும். பத்தொன்பது வருஷம் மாடியில் இருந்துவிட்டுக் கீழே போவதென்றால், அந்த விமான நிலையத்தில் அதைவிட மெதுவான இறக்கம் வேறெதுவும் கிடையாது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஒரு தாள். 'மேற்படி கட்டுப்பாட்டாளர் பணியில் இருக்கையில் ஓடுபாதையில் வேலை செய்யத் தங்களுக்கு ஆட்சேபனை உண்டா?' என்று ஒரே ஒரு கேள்வி. உண்டு, இல்லை என்று ரெண்டு கட்டம். தேர்வு நாள் மாலை ஐந்தரைக்குள் அதைச் செக்கர் நிரப்பித் தரவேண்டும். அவர் தரும் வரை நான் எவ்வளவு நன்றாக வேலை பார்த்தாலும் செல்லாது. அதை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ரெண்டு வாரமாக என் பிழைப்பு அந்தப் பைக்குள் இருந்தது, கேன்டீன் டீ டோக்கன் மாதிரி.

நடந்ததற்கு நான் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஐந்து அதிகாரிகளுக்கு எழுத்தில். அந்த விமான கம்பெனிக்கு எழுத்தில். விமானிக்குப் போனில், இருபது நிமிஷம். செக்கரிடம் மட்டும் கேட்கவில்லை. விசாரணை நடக்கிற போது சம்பந்தப்பட்டவரிடம் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி. விசாரணை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. விதியை மட்டும் நான் விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ரெண்டு வாரம் தொங்கினேன்.

மன்னிப்புக்குப் பதிலாகக் கேள்விகளைக் கையிலெடுத்தேன். என் கைமேல் இன்னும் நம்பிக்கை வைக்கலாமா என்று ஊரிலுள்ள எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தராவது நேராகப் பதில் சொல்ல வேண்டுமே!

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். 'கொஞ்சம்தான் வலிக்கும்' என்று சொல்லியே பட்டம் வாங்கினவள். "நான் டவர்ல இருக்கும்போது நீ வர்ற விமானம் இறங்கினா பயப்படுவியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு விமானத்துல வரப் போறேன்? நீங்கதான் லீவே போடமாட்டீங்களே, எங்கயாவது போனாத்தானே வர்றதுக்கு?"

"கேள்விக்குப் பதில் சொல்லு."

"தோளைத் தளர்த்துங்க முதல்ல. காதுக்கிட்ட வந்து நிக்குது."

என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் மேடம். பதினொரு வருஷம் முன்னால் இந்த வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அப்போது 'வாம்மா, போம்மா' என்பேன். இப்போது மேடம். நாலு பேர் இருந்தால் அவர் என்னைப் பதவி சொல்லிக் கூப்பிடுவார். யாரும் இல்லையென்றால் 'ஊசி சார்'. ஊசி என்பது டவரில் எனக்கு வைத்த பட்டப்பெயர். ரெண்டு விமானத்துக்கு நடுவில் ஊசிக்காது அளவு இடைவெளி இருந்தாலும் மூன்றாவதைக் கோத்துவிடுவான் என்று அர்த்தம். பாராட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிப் போகுது மேடம், என் கதை?"

"போகுது."

"தேறுவேனா?"

"பார்க்கலாம்."

'கேட்டதற்குத் தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்' என்று அவருக்கு முதல் நாள் பாடம் எடுத்தது நான். பாடம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது பாருங்கள்.

மூன்றாவது ஷிஃப்டில்தான் அந்த விஷயத்தைக் கவனித்தேன். ரன்வேயின் ஓரத்தில் ஒரு கோடு உண்டு. வண்டிகள் அங்கே நின்று அனுமதி கேட்க வேண்டும். "செக்கர், உள்ள போகலாம்" என்றேன். ஜீப் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு நகர்ந்தது. பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அவர் தலை இடது பக்கம் திரும்பி, வானத்தைத் தடவி, வலது பக்கம் திரும்பி, அப்புறம்தான் நேராயிற்று.

ரெண்டு மணி நேரம் கழித்து என் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார். "செக்கர், உள்ள போகலாம்" என்று சொல்லி அவர் வாயை மூடுவதற்குள் ஜீப் கோட்டைத் தாண்டியிருந்தது.

அன்றிலிருந்து எண்ணினேன். மற்ற எல்லாருக்கும் உடனே. எனக்கு மட்டும் நாலு நொடி. ஒரு நாள்கூட மூன்று ஆகவில்லை.

கேன்டீனில் மறித்தேன். மறித்தேன் என்றால் பக்கத்தில் போய்த் தட்டை வைத்துக்கொண்டு அசடு வழிந்தேன் என்று அர்த்தம்.

"என்னண்ணே, ஜீப்பு கோட்டுல ரொம்ப யோசிக்குது?"

"கிளட்ச் கொஞ்சம் இழுக்குது சார்."

ரெண்டு நாள் கழித்து, "கிளட்ச் சரியாயிடுச்சா?"

"ஆச்சு சார். நேத்து தும்மல் வந்துச்சு."

அதற்கு அடுத்த வாரம், "ஜலதோஷமெல்லாம் போச்சா?"

"போச்சு சார். கண்ணாடில தூசி, தொடைச்சேன்."

நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். ரெண்டு பேருக்கும் நாகரிகம் ஜாஸ்தி. சட்டைப் பையில் அந்தத் தாள் மூலை மடங்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினைந்தாவது ஷிஃப்ட் வந்தது. மத்தியானம் ரெண்டு மணி, பளிச்சென்ற வெயில், மிதமான காற்று. மேடம் பின்னால் நாற்காலியைப் போட்டு, மடியில் அட்டையை வைத்துக்கொண்டார். எனக்கு நடுக்கம் எதுவும் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி நன்றாகக் குறட்டை விட்டதாக மனைவி சாட்சி சொல்லுவாள். ஒரு தப்புப் பண்ணிவிட்டேன் என்பதற்காக வேலை மறந்துபோய்விடுமா? அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கண் தானாகவே நாலு பக்கமும் ஓடும், காது மூன்று பேச்சை ஒரே சமயத்தில் பிடிக்கும். வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாத அதே மனுஷன்தான்.

இரண்டு மணி நாற்பதுக்கு எல்லாம் ஒன்றாக வந்தன. இப்படித்தான் வரும். விருந்தாளிகள் மாதிரி, வந்தால் மொத்தமாக.

ஒரு பெரிய விமானம் ரன்வேயின் வாயில் நின்றது. அதற்குப் புறப்பட ஒதுக்கிய நேரம் இன்னும் ஆறு நிமிஷத்தில் முடிகிறது. விட்டால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த விமானி நிமிஷத்துக்கு ஒரு தடவை அதை எனக்கு ஞாபகப்படுத்தினார். இன்னொரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது, நாலு நிமிஷ தூரத்தில். பயிற்சிப் பள்ளியின் ரெண்டு சீட்டுக் குட்டி விமானம் ஒன்று நிலையத்தைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு மாணவி தனியாக. ஆசிரியர் இல்லாமல் பறக்க ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேசைப் போன் வேறு அடித்தது. நிலைய மேலாளரின் உதவியாளர். டவரைச் சுற்றிப் பார்க்க நாளைக்கு யாரோ வருகிறார்களாம்.

அப்போதுதான் மேலே ஏறிப்போன ஒரு விமானம் கூப்பிட்டது.

"டவர், ரன்வேயில் ஓடும்போது பாதி வழியில் ஒரு சின்ன அதிர்வு. எதன்மேலாவது ஏறினோமோ என்னவோ. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை."

நிச்சயமில்லை என்பதைவிடக் கெட்ட வார்த்தை எங்கள் தொழிலில் கிடையாது. உடைந்தது என்றால் ஒரு வழி, உடையவில்லை என்றால் ஒரு வழி. நிச்சயமில்லை என்றால் ஒருவர் போய்க் குனிந்து பார்க்க வேண்டும்.

பழைய ஊசிக்கு இது அல்வா மாதிரி. நாலு நிமிஷம் இருக்கிறது. செக்கர் நடு வாசல் வழியாக உள்ளே போய், பார்த்து, வெளியே வர ஒன்றரை நிமிஷம். ஒரு நிமிஷம் கையிருப்பு வைத்தாலும் வருகிற விமானத்தை அப்படியே இறக்கிவிடலாம். அதற்குப் பின்னாலேயே பெரியதை அதன் நேரத்துக்குள் கிளப்பிவிடலாம். எல்லாரும் சந்தோஷம். மேடம் அட்டையில் நூற்றுக்கு நூறு.

கை மைக்குக்குப் போனது. போன இடத்தில் நின்றது. அந்த ஒன்றரை நிமிஷம் யாருடையது என்று அப்போதுதான் யோசித்தேன். கோட்டில் நாலு நொடி. ஜீப்பிலிருந்து இறங்க வேண்டும். அவருக்கு வலது முட்டி மடங்காது, கையை ஊன்றித்தான் குனிவார். ஒன்று கிடைத்தால் அதோடு போகமாட்டார், இன்னொன்று இருக்கிறதா என்று தேடுவார். அதற்குத்தானே போகிறார்? ஒன்றரை நிமிஷம் என்பது என்னுடைய கணக்கு. ரன்வேயில் நிற்கப்போவது நான் இல்லை.

முதலில் வருகிறவரை விலக்கினேன். ராடார் அறைக்கு நேர் இணைப்பில் சொன்னேன். "அவரைத் திருப்பி விடுங்க. பத்து நிமிஷம் கழிச்சுக் குடுங்க."

"பத்தா? ஊசியா பேசுறது?" என்றது அந்தப் பக்கம்.

"ஊசிதான். பத்து."

அடுத்து அந்த மாணவி. "கிழக்குப் பக்கமே சுத்திக்கிட்டு இருங்க. நான் கூப்பிடுறேன். அவசரம் ஒண்ணும் இல்ல." அப்புறம்தான் பெரியவர், அந்தப் பெரிய விமானத்து விமானி. "காத்திருங்கள். ரன்வேயைப் பரிசோதிக்கப் போகிறோம்."

"டவர், எங்கள் நேரம்..."

"தெரியும்."

போன் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். போனுக்குச் சிறகு கிடையாது, கீழே விழாது.

சிவப்பு ஸ்ட்ரிப்பை எடுத்து அடியில் வைத்தேன். வைத்துவிட்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

"செக்கர், உள்ள போகலாம். நடுவுல ஏதோ கிடக்கலாம்னு சொல்றாங்க. இறங்க வந்தவரத் திருப்பி அனுப்பியாச்சு."

ஜீப் கோட்டில் நின்றது. தலை இடது பக்கம் திரும்பிற்று. வலது பக்கம் திரும்பிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இத்தனை ஷிஃப்டாக அந்த நாலு நொடியும் எனக்கு முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இன்றைக்கு அப்படி இல்லை. அதைக் கணக்கில் சேர்த்துத்தான் கூப்பிட்டிருந்தேன்.

உள்ளே போனவர் இறங்கினார். கையை ஊன்றிக் குனிந்தார். இரண்டு நிமிஷம் கழித்து ரேடியோவில், அவர் வழக்கத்துக்கு மாறாக, நடுவில் பேசினார்.

"டயர் ரப்பர் சார். உள்ளங்கை அகலம் இருக்கு."

கையோடு ராடார் அறையைக் கூப்பிட்டு, முன்னால் ஏறிப்போனவரின் டயர் கிழிந்திருக்கலாம், இறங்கப்போகிற ஊரில் தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று தகவல் கொடுத்தேன். அதற்குள் செக்கர் இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருந்தார்.

"மூணு துண்டு கிடைச்சிருக்கு சார். இன்னும் பாக்கவா?"

"பாருங்கண்ணே. நேரம் இருக்கு."

டவர் ரேடியோவில் 'நேரம் இருக்கு' என்று நான் சொன்னது பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பின்னால் மேடத்தின் பேனா ஏதோ எழுதுகிற சத்தம் கேட்டது.

"டவர், எங்கள் நேரம் முடிந்தேவிட்டது" என்றார் பெரியவர், பந்தியில் இலை கிடைக்காதவர் குரலில்.

"புது நேரம் வாங்கித் தருகிறேன்" என்றேன். வாங்கியும் கொடுத்தேன். முக்கால் மணி சொன்னார்கள், பேசி இருபத்தைந்தாக்கினேன். வாய் இருக்கிறதே, வேறெதற்கு?

ஒன்பது நிமிஷம் ஆயிற்று. "வெளிய வந்தாச்சு." பைனாகுலரில் பார்த்தேன். ஜீப்பின் பின் சக்கரமும் கோட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் சிவப்பு ஸ்ட்ரிப்பை எடுத்தேன்.

இனி யார் முதலில்? திருப்பி அனுப்பினவர் திரும்ப வந்துகொண்டிருந்தார், அவருக்குக் கோபம். பெரியவருக்கு இன்னும் கோபம். மாணவி கோபமே படவில்லை. ஆனால் முதல் வட்டத்தில் முழு வாக்கியமாகப் பதில் சொன்னவள், மூன்றாவது வட்டத்தில் பாதி வாக்கியம், ஐந்தாவதில் வெறும் 'சரி'. குரல் சுருங்கிக்கொண்டே வந்திருந்தது.

"நீங்க இப்ப இறங்கலாம். உங்களுக்கு முன்னாலயும் யாரும் இல்ல, பின்னாலயும் யாரும் இல்ல. ரன்வே முழுசும் உங்களுக்குத்தான்" என்றேன். ரெண்டு துள்ளல் துள்ளி இறங்கினாள். மூன்றாவது துள்ளலையும் நான் கணக்கில் வைத்திருந்தேன், அவளுக்கு அது தேவைப்படவில்லை.

எல்லாம் அடங்கின பிறகு போனை எடுத்தேன்.

"ஏழு தடவ அடிச்சேன் சார்!" என்றார் உதவியாளர்.

"கேட்டுச்சுங்க."

நாலரைக்கு ஷிஃப்ட் முடிந்தது. மேடம் அட்டையை மூடினார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார், யாரும் இல்லை.

"ஊசி சார், இன்னைக்கு அந்த இடைவெளியில கோத்திருக்கலாமே?"

"கோத்திருக்கலாம்."

"ஏன் கோக்கல?"

"அவரு குனிஞ்சு நிமிர நேரமாகும் மேடம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதினொரு வருஷம் முன்பு முதல் விமானத்தை இறக்கிவிட்டு இப்படித்தான் என்னைப் பார்த்தார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. நான் அன்றைக்கு 'பார்க்கலாம்' என்றேன். அது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"தேறிட்டேனா மேடம்?"

"என் பங்கு முடிஞ்சது. அந்தத் தாள் இன்னும் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நானும் இறங்கினேன். லிஃப்ட் இருந்தது. இருந்தாலும் படியில்தான் இறங்கினேன், பேசவேண்டியதைத் தயார் பண்ணிக்கொள்ள நேரம் வேண்டுமே. ஒன்பதாவது மாடியில் ஒரு நகைச்சுவை யோசித்தேன். ஆறாவதில் அதைத் தூக்கிப் போட்டேன். மூன்றாவதில் வேறொன்று. தரைத்தளத்துக்கு வந்தபோது கையில் எதுவும் மிச்சமில்லை.

வண்டிக் கொட்டகையில் செக்கர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கையில் தண்ணீர்க் குழாய். கால்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தது. சட்டைப் பையில் தாள் அப்படியே இருந்தது. மணி ஐந்து.

"வாங்க சார். டயர் துண்டு பாக்க வந்தீங்களா? ஆபீஸ்ல ஒப்படைச்சாச்சு."

"அதுக்கு இல்லண்ணே."

"அப்ப கிளட்ச் பாக்கவா?" என்று சிரித்தார். வழக்கப்படி நானும் சிரித்திருக்க வேண்டும். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் உங்கள மறந்துட்டேன். டீ கொட்டினது பெரிய விஷயமில்ல. ஸ்ட்ரிப்பைத் திரும்ப அடுக்கும்போது, பேசினவங்க எல்லாரையும் ஞாபகம் வெச்சேன். உங்கள மட்டும் மறந்துட்டேன். மூணு வாரமா உங்ககிட்ட மன்னிப்பும் கேக்கல. மன்னிச்சிடுங்க."

அவர் முன் சக்கரத்தின் மேல் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார். சேறு போன பிறகும் அடித்தார்.

"அந்த பைலட்டுக்குப் போன் போட்டுப் பேசினீங்களாமே?"

"ஆமா."

"ரொம்ப நேரமா?"

"இருபது நிமிஷம்."

"நல்லாப் பேசினாரா?"

"நல்லாத்தான் பேசினாரு."

"ம்" என்றார். அந்த 'ம்' என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விசாரணைக்குழுவில் ஐந்து பேர் சேர்ந்து சொன்ன எதுவும் அவ்வளவு ஆழம் போகவில்லை.

"அந்தத் தாளைப் பத்தி நான் கேக்கலண்ணே. அதுல நீங்க என்ன போட்டாலும் அது உங்க இஷ்டம், நான் வாயத் திறக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். நான் போங்கன்னு சொல்லி நீங்க ரன்வேல எறங்குறதுக்கு, உங்களுக்குப் பயமா இருக்கா?"

அவர் போய்க் குழாயை மூடினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, என் எதிரே வந்து நின்றார்.

"இருக்கு சார்" என்றார். "பயம் இருக்கு. கிளட்சும் இல்ல, தும்மலும் இல்ல. நீங்க போங்கன்னா என் கால் தானா பிரேக்க மிதிக்குது. ரெண்டு பக்கமும் பாத்தாத்தான் எடுக்குது. இத எங்க வீட்டுலகூட நான் சொல்லல. இந்தத் தாளக் குடுத்தாங்க. உண்டு, இல்லன்னு ரெண்டே கட்டம். பயம்னு கட்டம் இல்ல. உண்டுன்னு போட்டா உங்க வேல மேல பொய் சொன்ன மாதிரி. இல்லன்னு போட்டா என் மேலயே பொய் சொன்ன மாதிரி. உங்ககிட்டயே சொல்லிடலாம்னு பாத்தா, நீங்க தட்டத் தூக்கிட்டு வந்து ஜலதோஷம் போச்சான்னு கேக்குறீங்க. அதான் பையிலயே கெடந்துச்சு. இப்ப சொல்லிட்டேன் இல்ல? பயம் இருக்கு, ஆட்சேபன இல்ல. ஆனா நீங்க சொன்னா நான் நின்னு பாத்துட்டுத்தான் உள்ள போவேன். எத்தன மாசம் ஆகும்னு தெரியாது. அதுக்கும் சேத்து நேரம் வெச்சுக்குங்க."